ஒருதலை நெருக்கம்: பாப் இசை நட்சத்திரங்கள் நம் அடையாளத்துக்குள் நுழைவது எப்படி?

ஒரு பாடகரின் பிறந்த நாள், அவருக்குப் பிடித்த உணவு, அவர் வளர்க்கும் நாயின் பெயர், பயிற்சிக் காலத்தில் அவர் பட்ட பாடு என அனைத்தையும் விரல்நுனியில் வைத்திருக்கும் ரசிகை ஒருத்தி சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கலாம். அப்படி ஒருத்தி இருக்கிறாள் என்பதே அந்தப் பாடகருக்குத் தெரியாது. தெரிந்தவர், தெரியாதவர் என்று மனிதர்களை நாம் பிரித்து வைத்திருக்கும் வழக்கமான இரண்டு வரிசைகளிலும் சேராத இந்த உறவைச் சமூகவியலாளர்கள் 'பாராசோஷியல்' உறவு என்கிறார்கள். இந்தக் கட்டுரையில் அதை ஒருதலை நெருக்கம் என்று குறிப்பிடுவோம். பாப் இசை நட்சத்திரங்கள் ஒரு தலைமுறையின் முடியையும் உடையையும் பேச்சையும், சில நேரங்களில் அரசியலையும்கூட மாற்றுவது எப்படி என்று அறிய விரும்புவோர் இங்கிருந்து தொடங்குவது நல்லது.

இந்தக் கருத்தை முதலில் எழுத்தில் வைத்தவர்கள் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், ஆண்டு 1956. அவர்கள் கவனித்தது வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை நடத்தியவர்களை. கேமராவை நேராகப் பார்த்து, எதிரில் ஒரே ஒருவர் மட்டும் உட்கார்ந்திருப்பது போன்ற தொனியில் அவர்கள் பேசும்போது, வீட்டிலிருந்து பார்ப்பவருக்குப் பதில் சொல்ல வழியே இல்லாவிட்டாலும், உரையாடல் ஒன்று நடந்து முடிந்த நிறைவு கிடைக்கிறது. நாள்தோறும் அதே நேரத்தில் அதே முகம் வரும்போது அது பழக்கமாகி, பழக்கம் பாசமாகிறது. ஹார்ட்டனும் வோலும் இதை நோய் என்று சொல்லவில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். சாதாரண மனிதர்களின் அன்றாட வாழ்வில் இதுவும் ஒரு பகுதி என்றும், வேறு உறவுகள் எதுவுமே இல்லாமல் போய் இதுவே முழு வாழ்வாகிவிடும்போதுதான் கவலைப்பட வேண்டும் என்றும் அவர்கள் கருதினார்கள்.

அதே 1956-இல்தான், சேலம் ஏற்காடு சாலையில் இயங்கிவந்த மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பட நிறுவனம் தயாரித்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழின் முதல் வண்ணப் படமாக வெளிவந்தது. எம்.ஜி.ஆரை வண்ணத்தில் பார்த்த ரசிகர்கள் பின்னாளில் அவரை 'வாத்தியார்' என்றும் 'அண்ணன்' என்றும் வீட்டு மனிதரைப் போலவே அழைத்தார்கள். ஆய்வாளர்கள் கட்டுரை எழுதி விளக்கிக்கொண்டிருந்த உறவில் நம் ஊர்க்காரர்கள் அதற்கு முன்பே நல்ல தேர்ச்சி பெற்றிருந்தார்கள். மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவாயில் வளைவு மட்டும் இன்றும் அந்தச் சாலையில் நிற்கிறது.

முகமும் குரலும்

மேற்கத்திய நாடுகளில் பாப் நட்சத்திரம் என்றால் பாட்டும் முகமும் ஒரே ஆளுடையவை. 1964 பிப்ரவரி 9-ஆம் நாள் அமெரிக்கத் தொலைக்காட்சியில் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் இங்கிலாந்தின் பீட்டில்ஸ் இசைக்குழு தோன்றியபோது ஏறத்தாழ 7 கோடியே 30 லட்சம் பேர் பார்த்தார்கள். நெற்றியை மறைக்கும் அவர்களுடைய முடியை உலகெங்கும் இளைஞர்கள் பின்பற்றினார்கள். தமிழில் இதே நிலை அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. எம்.கே. தியாகராஜ பாகவதர் தாமே பாடி நடித்தார். அவருடைய 'ஹரிதாஸ்' 1944-இல் வெளியாகி, மூன்று தீபாவளிகளைக் கண்ட படமாகப் பேசப்பட்டது. தோள்வரை புரண்ட அவர் முடிக்கு 'பாகவதர் கிராப்' என்ற பெயரே நிலைத்தது. மாடர்ன் தியேட்டர்ஸ் 1940-இல் எடுத்த 'உத்தமபுத்திர'னில் இரட்டை வேடம் ஏற்ற பி.யு. சின்னப்பாவும் சொந்தக் குரலில் பாடியவர்தான்.

பின்னணிப் பாடல் முறை வேரூன்றிய பிறகு இந்த ஒற்றுமை உடைந்தது. குரல் டி.எம். சௌந்தரராஜனுடையது, முகம் எம்.ஜி.ஆருடையதோ சிவாஜியுடையதோ என்றானபோது, ரசிகனின் பாசம் பெரும்பாலும் முகத்தின் பக்கமே போய்ச் சேர்ந்தது. தமிழில் பாப் இசை நட்சத்திரம் என்ற தனிப்பிறவி நெடுங்காலம் உருவாகாமல் போனதற்கு நான் காணும் முதன்மையான காரணம் இதுவே. நமக்குப் பாப் இசையாக இருந்தது திரைப்பாடல்தான்; ஆனால் அதன் புகழ் மூன்று நான்கு பேருக்குப் பங்கு பிரிக்கப்பட்டது.

அந்தப் பங்கீட்டை முதலில் கலைத்தவர் இளையராஜா. 1976-இல் தொடங்கிய அவருடைய பயணத்தில், சில ஆண்டுகளிலேயே, நாயகன் யார் என்று கேட்காமல் 'ராஜா படமா?' என்று கேட்டு வாங்கும் நிலை வந்தது. கேசட் காலத்தில் பாட்டுப் பதிவு செய்து தரும் கடைகள் இருந்ததை நாற்பது வயதைக் கடந்தவர்கள் அறிவார்கள்: வெற்றுக் கேசட்டை வாங்கி, விரும்பிய பாடல்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தால், இரண்டு மூன்று நாளில் பதிவு செய்து தருவார்கள். எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு, பக்கம் 'அ' முடியும் இடத்தில் சோகப் பாட்டா துள்ளல் பாட்டா என்பதையெல்லாம் யோசித்து எழுதிய அந்தத் தாள், எழுதியவர் தம்மை எப்படிப்பட்டவராகக் காட்டிக்கொள்ள விரும்பினார் என்பதையும் சொன்னது. கடைக்காரருக்கும் அது புரியும்; சிலருடைய பட்டியலைப் பார்த்துச் சிரிக்கவும் செய்வார்.

பதின்வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் கேட்ட பாடல்கள் மற்றக் காலத்துப் பாடல்களைவிட ஆழமாக நினைவில் தங்குகின்றன என்பது உளவியல் ஆய்வுகளில் பலமுறை கண்டறியப்பட்ட ஒன்று. நாம் யார் என்ற கேள்வியை நமக்கு நாமே முதன்முதலாகக் கேட்டுக்கொள்ளும் வயதும் அதுவே என்பதால் பாட்டும் விடையும் ஒட்டிக்கொள்கின்றன. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காடு ஏறும் வண்டிகளில் ஓட்டுநரின் வயதை, ஒலிக்கும் பாடல்களை வைத்தே ஓரளவு கணித்துவிடலாம்.

முகமும் குரலும் தமிழில் மீண்டும் ஒன்றுசேர்ந்தது ராப் இசையில்தான். மலேசியாவைச் சேர்ந்த யோகி பி-யும் நட்சத்திராவும் 2006-இல் 'வல்லவன்' தொகுப்பை வெளியிட்டார்கள். கோவையைச் சேர்ந்த ஆதியும் அவருடைய கூட்டாளி ஜீவாவும் 'ஹிப்ஹாப் தமிழா' என்ற பெயரில் 2012-இல் 'ஹிப்ஹாப் தமிழன்' தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். திரைப்பாடலில் 'நான்' என்று பாடினால் அது கதாபாத்திரத்தின் 'நான்'. ராப் பாடகர் 'நான்' என்றால் அது அவரே. அவர் ஊர், அவர் சாதி பட்ட அவமானம், அவர் மொழி எல்லாம் அந்தச் சொல்லுக்குள் வந்து உட்காருகின்றன. கேட்பவரும் அதே இடத்தில் தம்மை எளிதாகப் பொருத்திக்கொள்கிறார்.

பெயர் வைத்தால் குழு பிறக்கும்

நெருக்கம் எப்படி அடையாளமாகிறது என்பதைப் புரிந்துகொள்ள இன்னோர் ஆய்வு உதவும். ஹென்றி தாஜ்ஃபெல் என்ற சமூக உளவியலாளர் 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பதினான்கு, பதினைந்து வயது மாணவர்களிடம் சோதனை ஒன்றை நடத்தினார். பால் க்ளே, காண்டின்ஸ்கி என்ற இரண்டு ஓவியர்களின் படங்களைக் காட்டி, யாருடையது பிடித்திருக்கிறது என்று கேட்டு, அதன்படி பிரிப்பதாகச் சொல்லி இரண்டு குழுக்களாக்கினார். உண்மையில் பிரித்தது குருட்டாம்போக்கில். தம் குழுவில் வேறு யார் இருக்கிறார்கள் என்பதுகூட மாணவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் பணத்தைப் பகிர்ந்தளிக்கச் சொன்னபோது தம் குழுவுக்கு ஆதரவாகவே நடந்துகொண்டார்கள். தமக்குக் கிடைப்பது சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை, மற்றக் குழுவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும் என்று எண்ணியவர்களும் இருந்தார்கள். முன்பின் தெரியாத இரண்டு ஓவியர்களின் பெயர் இவ்வளவு செய்யும் என்றால், ஆண்டுக்கணக்கில் உயிராக நேசிக்கும் இசைக்குழுவின் பெயர் எவ்வளவு செய்யும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சமூக ஊடகங்களில் ரசிகர்கள் ஒருவரையொருவர் கடித்துக் குதறுவதற்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

கொரிய இசை நிறுவனங்கள் இதை நன்கு அறிந்தவை. 2013 ஜூன் மாதம் அறிமுகமான பிடிஎஸ் குழுவின் ரசிகர்களுக்கு 'ஆர்மி' என்ற பெயர் அதே ஆண்டில் சூட்டப்பட்டது. கொரியாவின் பெண்கள் குழுவான பிளாக்பிங்க்கின் ரசிகர்கள் 'பிளிங்க்'. அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்டின் ரசிகர்கள் 'ஸ்விஃப்டி'. 2016-இல் நடந்த ரசிகர் சந்திப்பு ஒன்றில் பிடிஎஸ் உறுப்பினர் வி சொன்ன ஒரு வார்த்தையிலிருந்து ஊதா அவர்களுடைய நிறமானது. இப்போது சேலத்தில் நகரப் பேருந்து ஒன்றில் முன்பின் தெரியாத இரண்டு மாணவிகள் அருகருகே உட்கார நேர்ந்து, ஒருத்தியின் பையில் ஊதா நிறச் சாவிக்கொத்து தொங்குவதை மற்றவள் பார்த்துவிட்டால், 'உன் பயாஸ் யாரு?' என்ற ஒரே கேள்வியில் பேச்சு தொடங்கிவிடும். பிடிஎஸ் குழுவின் ஏழு பேரில் மனத்துக்கு மிக நெருக்கமானவர் யார் என்பதே அந்தக் கேள்வியின் பொருள்.

இந்தக் குழுக்களுக்குள் நாணயம் போலக் கைமாறுவது போட்டோகார்டு. ஏடிஎம் அட்டை அளவில், முனை வளைந்து, ஒரு பக்கம் குழு உறுப்பினர் ஒருவரின் படத்துடன் இசைத்தட்டுப் பெட்டிக்குள் வரும். யாருடைய படம் வரும் என்பது பிரித்தால்தான் தெரியும். கொரியாவிலிருந்து வரும் அசல் தொகுப்பின் விலை பெரும்பாலான வீடுகளுக்குக் கட்டுபடியாகாது என்பதால், படத்தை இறக்கி, ஜெராக்ஸ் கடையில் தடித்த போட்டோ தாளில் கலர் பிரிண்ட் எடுத்து, லேமினேஷன் போட்டு, முனைகளைக் கத்தரிக்கோலால் வளைத்து வெட்டிக்கொள்கிறார்கள். ஒரு ஏ4 தாளில் ஒன்பது அட்டைகள் அடங்கும். தாளுக்கான செலவை மூன்று நான்கு தோழியர் பங்கிட்டுக்கொண்டால், ஆளுக்கு இரண்டு மூன்று அட்டைகள் கிடைத்துவிடும். அசலா நகலா என்று இங்கே யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. யாரிடம் வாங்கியது, எதற்கு மாற்றியது என்ற கதைதான் அட்டையின் மதிப்பு.

ஒருதலை நெருக்கம் பற்றிய பேச்சில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இந்தப் பக்கம். நட்சத்திரத்துக்கும் ரசிகைக்கும் இடையில் உள்ளது ஒருவழிப் பாதை என்றாலும், அதன் பெயரால் ரசிகைக்கும் ரசிகைக்கும் இடையில் முளைப்பது இருவழி உறவு. நட்சத்திரத்தின் செல்வாக்கு மேலிருந்து கீழே இறங்குவதைவிட, இப்படிப் பக்கவாட்டில் பரவுவதே அதிகம்.

பெண்களுக்குக் கிடைத்த இடம்

தமிழ்நாட்டில் ரசிகராக இருப்பது நெடுங்காலமாக ஆண்களின் பொதுவெளிச் செயல். மன்றம் தொடங்குவது, கட்-அவுட்டுக்குப் பாலாபிஷேகம் செய்வது, முதல் நாள் முதல் காட்சிக்கு விசிலடிப்பது, திருவிழாவில் பெயர் போட்டு ஃபிளெக்ஸ் வைப்பது என எல்லாமே தெருவில் நடப்பவை, தெரு ஆண்களுடையது. பெண்களுக்கும் அதே அளவு பாசம் இருந்தது. ஆனால் அது வானொலியோடும் வார இதழ் படங்களோடும் வெள்ளிக்கிழமை மாலை தூர்தர்ஷனின் 'ஒளியும் ஒலியும்' நிகழ்ச்சியோடும் வீட்டுக்குள்ளேயே அடங்கிப்போனது. கொரியப் பாப் இசையின் ரசிகர் உலகம் கைபேசிக்குள் இருப்பதால், தாரமங்கலத்தில் தறி ஓடும் வீட்டின் மூலையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணும் அதில் முழு உறுப்பினராக இருக்க முடிகிறது. பிடித்த குழுவுக்கு இணையத்தில் வாக்களிக்கிறாள், பாடல்வரிகளை மொழிபெயர்க்கிறாள், நள்ளிரவில் வெளியாகும் வீடியோவுக்காக விழித்திருக்கிறாள், கொரிய எழுத்துகளைத் தானாகக் கற்று நோட்டு அட்டையில் பெயர் எழுதுகிறாள்.

அவள் யாரைத் தேர்ந்தெடுக்கிறாள் என்பதும் கவனிக்கத்தக்கது. மேடையில் ஒப்பனையோடு நிற்கும், ரசிகர்கள் முன் கூச்சமின்றி அழும், தோழனின் தோளில் சாய்ந்துகொள்ளும், தனக்கு மனச்சோர்வு வந்ததைப் பற்றிப் பாட்டெழுதும் ஆண்கள் அவர்கள். நம் திரையில் நெடுங்காலம் கோலோச்சிய மீசை முறுக்கும் நாயகனுக்கும் அவர்களுக்கும் தூரம் அதிகம். 'பொம்பள மாதிரி இருக்கானுங்க, இவனுங்களப் போயி…' என்று வகுப்பு மாணவர்கள் கேலி செய்வது அந்தத் தேர்வில் தங்களைப் பற்றிய விமரிசனம் ஒன்று ஒளிந்திருப்பதை உணர்ந்ததனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பிடிஎஸ் தலைவர் ஆர்எம் 2018 செப்டம்பரில் ஐ.நா. சபையில் பேசும்போது, கேட்போர் அவரவர் பெயரையும் குரலையும் தாங்களே கண்டறிந்து பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். வீட்டில் குரல் உயர்த்தக் கூடாது என்று வளர்க்கப்பட்ட பெண்ணின் காதில் அந்தப் பேச்சு எப்படி விழுந்திருக்கும் என்பதைப் பெற்றோர் சற்று நிதானமாக யோசிக்கலாம்.

சொந்த ஊரைத் தூக்கிக் காட்டுபவர்கள்

பாப் இசை என்றாலே அயல்மோகம் என்று சொல்பவர்களுக்குப் பிளாக்பிங்க் குழுவின் லிசாவை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். அவர் கொரியர் இல்லை. தாய்லாந்தின் புரிராம் என்ற ஊரில் பிறந்தவர். 2021-இல் வந்த தமது தனிப்பாடல் வீடியோவில் தாய்லாந்துப் பாரம்பரிய மகுடம் அணிந்து தோன்றினார். புரிராம் ரயில் நிலையத்தருகே விற்கும் இறைச்சி உருண்டையைச் சாப்பிட ஆசை என்று ஒரு பேட்டியில் சொன்னார். நிலையத்தில் நின்று விற்றுக்கொண்டிருந்தவர்களின் வியாபாரம் சில நாட்களிலேயே பல மடங்கு பெருகியது. உலகப் புகழ் பெற்ற ஒரு பாடகி சேலத்தில் பிறந்து, கடைவீதி தள்ளுவண்டியில் கிடைக்கும் தட்டுவடை செட்டைத் தின்ன வேண்டும் போலிருக்கிறது என்று சொன்னால் என்ன நடக்குமோ, அதுதான் அங்கே நடந்தது. ஊர்க்காரர்களுக்குக் காசோடு சேர்த்து, 'நம்ம ஊர்த் தீனி' என்ற மிடுக்கும் கிடைத்தது.

இதைவிட ஆழமான எடுத்துக்காட்டு தமிழிலேயே இருக்கிறது. 2021 மார்ச்சில் ராப் பாடகர் அறிவும் பாடகி தீயும் பாடி, சந்தோஷ் நாராயணன் இசையில் வெளிவந்த 'எஞ்சாய் எஞ்சாமி' பாடல், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு நிலமில்லாமல் திரும்பிய அறிவின் பாட்டியுடைய நினைவுகளிலிருந்து பிறந்தது. சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டங்களில் தலைமுறைகளாகக் கூலிக்குப் பழம் பறித்த குடும்பங்களுக்கு அந்தக் கதையைத் தனியே விளக்கத் தேவையில்லை. தோட்டம் போட்டவர்கள் தாங்கள், தொண்டை மட்டும் காய்ந்தது என்ற முறையீட்டை, கேளிக்கைப் பாட்டின் தாளத்தில் உலகமே ஆடிக்கொண்டு கேட்டது. அதே ஆண்டில் ஓர் இசை இதழின் அட்டைப்படத்தில் அறிவு இடம்பெறாமல் போனபோது எழுந்த கோபம், பாடல் யாருடைய அடையாளத்தைப் பேசியதோ அவர்களுடைய கோபமாகவே இருந்தது. நட்சத்திரத்துக்கு நேரும் புறக்கணிப்பு தமக்கே நேர்ந்ததாக உணர்வதும் ஒருதலை நெருக்கத்தின் இயல்புதான். இங்கே அந்த உணர்வுக்குப் பின்னால் நீண்ட வரலாறும் இருந்தது.

நெருக்கத்தின் விலை

பாகவதர் காலத்து நெருக்கத்துக்கும் இன்றைய நெருக்கத்துக்கும் உள்ள முக்கிய வேறுபாடு, இன்று நெருக்கமே விற்பனைப் பொருளாகிவிட்டது என்பதுதான். நட்சத்திரங்கள் சாப்பிடுவதும் தூங்கி வழிவதும் நேரலையில் வருகின்றன. ரசிகர்களுக்கென்றே நடத்தப்படும் செயலிகளில் கட்டணம் செலுத்தினால், தனக்கே எழுதியது போன்ற குறுஞ்செய்தி வருகிறது, அது ஒரே நேரத்தில் லட்சக்கணக்கானோருக்குப் போனது என்றாலும். ஒரே தொகுப்பு பல வடிவங்களில் வெளியாகிறது; விரும்பிய போட்டோகார்டு கிடைக்கும்வரை வாங்கத் தூண்டுவதே அந்த ஏற்பாட்டின் நோக்கம். வெளுத்த தோலும் ஒடுங்கிய உடலும் அழகின் அளவுகோலாகக் காட்டப்படுவது, சிவப்பழகுக் களிம்பை ஏற்கெனவே விலை கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கும் நம் ஊரில் இன்னொரு சுமை.

2024 ஜனவரியில் கரூர் மாவட்டத்தைச் சேர்ந்த பள்ளி மாணவிகள் மூவர், பிடிஎஸ் குழுவினரைப் பார்ப்பதற்காக விசாகப்பட்டினம் போய்க் கப்பலேறிக் கொரியா செல்லலாம் என்று எண்ணி வீட்டைவிட்டுக் கிளம்பி, காட்பாடி ரயில் நிலையத்தில் மீட்கப்பட்டார்கள். அந்த நேரத்தில் குழுவின் ஏழு பேருமே தங்கள் நாட்டின் கட்டாய ராணுவக் கடமையில் இருந்தார்கள். நேசிப்பவரைப் பற்றி எல்லாம் தெரியும் என்ற உணர்வும், உண்மையில் என்ன தெரியும் என்பதும் இவ்வளவு தூரம் விலகி நிற்கக்கூடும்.

இத்தகைய செய்தி வந்த மறுநாளே பல வீடுகளில் முதலில் நடப்பது மகளின் கைபேசியைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டுவது. நட்சத்திரத்தோடு உள்ள உறவு அதனால் அறுபடுவதில்லை. பதில் எதிர்பார்க்காத உறவு என்பதால், கைபேசி இல்லாமலும் அது மனத்துக்குள் நன்றாகவே ஓடும். அறுபடுவது, ஓமலூரில் இருந்துகொண்டு அவளோடு அட்டை மாற்றிக்கொள்ளும், தேர்வுக்கு முந்தைய இரவு 'படிச்சிட்டியா?' என்று கேட்கும் தோழியோடு உள்ள உறவு.